ரமலானா, ரம்ஜானா? ஓர் எழுத்தின் பயணமும் நம் தீர்ப்புகளும்

வண்டலூரையும் வாலாஜாபாத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் படப்பை. அச்சாலையில் மேற்கே சென்றால் ஒரகடம். 1998இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2013இல் ராயல் என்ஃபீல்டும் அங்கு வந்தது. ஆலைகள் வந்தன, அவற்றின் பின்னே ஆட்கள் வந்தனர். இராமநாதபுரத்துக்காரரும் பீகார்க்காரரும், திருநெல்வேலிக்காரரும் வங்காளத்துக்காரரும் இன்று ஒரே கடையில் தேநீர் அருந்துகின்றனர்; வெள்ளிக்கிழமையன்று ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்த்து நிற்கின்றனர்.

இவ்வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நோன்புக் கால நேர அட்டவணை அச்சிட முற்பட்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. தலைப்பில் மாதத்தின் பெயரை எவ்வாறு எழுதுவது? கடற்கரை ஊர்களிலிருந்து வந்து குடியேறியோர் 'ரமலான்' என்றனர். உருது பேசும் குடும்பங்களின் பெரியோர் 'ரம்ஜான்' என்பதே கண்ணியமான வழக்கு என்றனர். வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய இளைஞர் ஒருவர், அரபியரே 'ரமதான்' என்று சொல்லும்போது நமக்கு ஏன் இந்தத் திரிபுகள் என்று கேட்டார். இது வெறும் எழுத்துப் பிரச்சினையாக நின்றிருந்தால் இதனை எழுத வேண்டிய தேவை நேர்ந்திராது. அதே வாரத்தில், இமாம் ஊரில் இல்லாத ஒரு நாள், முதியவரான மோதினார் முன்னின்று தொழுவித்தார். ஃபாத்திஹாவின் இறுதிச் சொல்லில் வரும் 'ளாத்' எழுத்தை அவர் தம் ஊர் வழக்கப்படி லகரச் சாயலுடன் ஓதினார். தொழுகை முடிந்ததும் இருவர் ஒதுங்கி நின்று மீண்டும் தொழுதனர். அவர் பின்னால் தொழுதது கூடாது என்பது அவர்கள் தீர்ப்பு. அந்த முதியவர் அதன்பின் முன்னே நிற்கவில்லை.

இத்தீர்ப்பு எந்த அறிவின்மீது கட்டப்பட்டது என்பதைத் திறனாய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிழையும் ஒழுங்கும்

'ரமலான்' என்பது பாமரர் நாக்கில் சிதைந்த சொல் என்ற கருத்து நம் மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அடிக்கடி காணப்படுகிறது. 'ரம்ஜான்' என்பது பாரசீகர் கெடுத்த சொல் என்ற எதிர்க்கருத்தும் அதே அளவு உரத்துச் சொல்லப்படுகிறது. இரண்டும் ஒரே அடிப்படைத் தவற்றைச் செய்கின்றன. தனியொரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் உடன்பிறப்புகளைப் பாராமல் இருவரும் தீர்ப்பு வழங்குகின்றனர்.

உடன்பிறப்புகளைப் பார்ப்போம். கடற்கரை முஸ்லிம்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதை 'ஒளு' என்பர். உருது வழக்கில் அது 'வுஜூ'. கட்டாயக் கடமை அவர்களுக்குப் 'பர்ளு', இவர்களுக்கு 'ஃபர்ஜ்'. தவறிய தொழுகையைப் பின்னர் நிறைவேற்றுவது அங்கே 'களா', இங்கே 'கஜா'. நீதி வழங்குபவர் அங்கே 'காழியார்', இங்கே 'காஜி'. ஆசிரியரை அழைக்கும் சொல் அங்கே 'ஹழ்ரத்', இங்கே 'ஹஜ்ரத்'. இச்சொற்கள் யாவற்றிலும் அரபு மூலத்தில் நிற்பது ளாத் என்னும் ஓர் எழுத்தே. அவ்வெழுத்து வருமிடமெல்லாம் ஒரு சாரார் ல, ள, ழ ஆகிய ஒலிக் குடும்பத்தை நாடுகின்றனர்; மறுசாரார் ஜகரத்தை நாடுகின்றனர்.

பிழை என்பது சிதறிக் கிடப்பது. ஒருவன் இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் பிழை செய்வான். ஒரு சமுதாயம் முழுவதும், பல நூற்றாண்டுகளாக, ஒரே எழுத்தை ஒரே திசையில் மாற்றி ஒலிக்குமாயின், அதனை மொழியியலார் ஒலி ஒப்புமை என்பர். ஒழுங்கு இருக்குமிடத்தில் வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றை அறியாமல் 'கொச்சை' என்று ஒதுக்குவது ஆய்வும் ஆகாது, அடக்கமும் ஆகாது.

ளாத் எங்கே பிறக்கிறது?

அரபு மொழிக்கே 'ளாதின் மொழி' என்ற சிறப்புப் பெயருண்டு. ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் (கி.பி. 8ஆம் நூற்றாண்டு) வாழ்ந்த இலக்கணப் பேரறிஞர் சீபவைஹி, நாவின் பக்கவாட்டு ஓரமும் அதனையடுத்த கடைவாய்ப் பற்களும் சேருமிடத்தில் இவ்வெழுத்து பிறப்பதாக வரையறுத்தார். இன்றும் நம் மதரசாக்களில் தஜ்வீத் பாடத்தில் மாணவர் மனனம் செய்வது இவ்வரையறையையே. நாவின் பக்கவாட்டில் காற்று வெளியேறும் ஒலி லகரத்துக்கு நெருங்கிய உறவுடையது என்பதை ஒலியியல் அறிந்தோர் உணர்வர். ஆனால், பாடத்தில் அந்த இடத்தை மனனம் செய்துவிட்டு, ஓதும்போது நம்மில் பலர் நவீன எகிப்திய ஓதுநர்களைப் பின்பற்றிக் கனத்த தகரமாக ஒலிக்கின்றோம். நாம் சொல்லும் இலக்கணமும் நாம் எழுப்பும் ஒலியும் வேறுவேறாக நிற்பதை எவரும் கேள்வி கேட்பதில்லை.

சீபவைஹி தம் காலத்திலேயே 'பலவீனமான ளாத்' என்ற ஒரு வகையைக் குறிப்பிட்டுள்ளார். அதாவது, அரபியரிடையேயும் அவ்வெழுத்து அன்றே ஒருபடித்தாக ஒலிக்கப்படவில்லை. பின்னர் நகர வழக்குகள் பலவற்றில் அது தகரத்தை நோக்கியும், பாலைநில வழக்குகள் பலவற்றில் 'ழா' எழுத்தின் ஒலியை நோக்கியும் நகர்ந்தது. பழைய பக்கவாட்டு ஒலிப்பின் சாயல் தென் அரேபியாவின் சில பகுதிகளில் மட்டும் நெடுநாள் தங்கியது. அங்கு வழங்கும், அரபுக்கு உறவான மஹ்ரி மொழியில் அத்தகைய பக்கவாட்டு ஒலிகள் இன்றளவும் உயிருடன் உள்ளன.

மார்க்கச் சட்டத்தின் பார்வையும் கவனிக்கத்தக்கது. ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டின் விரிவுரையாளர் இப்னு கதீர், ஃபாத்திஹாவின் விளக்கத்தின் இறுதியில், ளாதும் ழாவும் பிறப்பிடத்தால் நெருங்கியவை ஆதலால், வேறுபடுத்த இயலாதவர் ஒன்றின் இடத்தில் மற்றதை ஒலிப்பது மன்னிக்கப்பட்டது என்று கூறுகிறார். ளாதை மொழிவோரில் தாமே நாவன்மை மிக்கவர் என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக நம் சொற்பொழிவாளர்கள் ஓயாது எடுத்தாளும் செய்திக்கு ஆதாரம் இல்லை என்பதையும் அவர் அவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறார். அவர் பேசுவது லகரச் சாயலைப் பற்றி அன்று என்பது உண்மையே. எனினும், நெருக்கத்தையும் இயலாமையையும் கருதி நிற்கும் அந்தப் பரிவு, மோதினாரின் பின்னால் மீண்டும் தொழுத இருவரின் அவசரத்துக்கு நேர் எதிரானது.

ஐரோப்பியக் கரைகளில் அதே எழுத்து

நம் வழக்கை நாமே விசாரித்தால் சார்பு வந்துவிடும். எனவே இதே எழுத்து மேற்குத் திசையில் பயணம் செய்தபோது என்னவாயிற்று என்று பார்ப்பது நலம். ஐரோப்பாவில் மூன்று சமுதாயங்கள் அரபுச் சொற்களை மூன்று வழிகளில் பெற்றன. அம்மூன்றும் நமக்குக் கண்ணாடியாக அமைகின்றன.

முதலாவது ஸ்பெயின். 711இல் முஸ்லிம்கள் அங்கு நுழைந்தனர். 1492இல் கிரனடா வீழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அரபுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பானிய மொழியில் கலந்தன. இன்று ஸ்பெயினில் நகரத் தலைவரை 'அல்கால்தே' என்பர். இது 'அல்காழி' என்னும் அரபுச் சொல்லே. சிற்றூருக்கு 'அல்தேயா' என்று பெயர். இதன் மூலம் 'அள்ளைஆ'. புறநகரை 'அர்ரபால்' என்பர். இதன் மூலம் 'அர்ரபள்'. மூன்றிலும் ளாத் நின்ற இடத்தில் லகரம் ஒலிக்கிறது. காயல்பட்டினத்து முஸ்லிமும் ஸ்பெயின் நாட்டுக் கிறித்தவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பழைய ஒலியின் நிழலைத் தம் நாவில் காத்து வந்துள்ளனர். கொச்சை என்று நாம் ஒதுக்கிய வழக்குக்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டுமா?

இரண்டாவது மால்டா. 870இல் அரபியர் வசமான இச்சிறு தீவு பின்னர் நார்மானியர் கைக்கு மாறியது. 13ஆம் நூற்றாண்டில் அங்கு இஸ்லாம் மறைந்தது. ஆனால் அரபு மறையவில்லை. அதுவே லத்தீன் எழுத்தை உடுத்து, இத்தாலியச் சொற்களை ஏற்று, மால்டிய மொழியாக வளர்ந்தது. 1934இல் ஆட்சிமொழியாகி, 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளுள் ஒன்றாகவும் விளங்குகிறது. மால்டிய மக்கள் ஆழ்ந்த கத்தோலிக்கர். அவர்கள் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கின்றனர். ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'ரண்டான்'. ரமலான் என்னும் அதே சொல்தான் அது! ஈஸ்டர் திருநாளைக் குறிக்கவும் 'ஈத்' என்னும் சொல்லின் மால்டிய வடிவமே பயன்படுகிறது. இங்கே ளாத் டகரமாயிற்று. மாதம் வேறு மதத்தின் நோன்பாயிற்று. சொல் மட்டும் பிழைத்திருக்கிறது.

மூன்றாவது போஸ்னியா. 1463இல் உஸ்மானியர் ஆட்சியின் கீழ் வந்த இந்நாட்டு முஸ்லிம்கள் அரபுச் சொற்களை அரபியரிடமிருந்து நேரே பெறவில்லை. பாரசீகத்தில் ஊறித் துருக்கியின் வழியே வந்த வடிவங்களையே பெற்றனர். ஆகவே அவர்களுக்கு இம்மாதம் 'ரமஸான்', தொழுகை 'நமாஸ்', ஒளு 'அப்தெஸ்த்'. கடைசிச் சொல் முழுவதும் பாரசீகம். ஆர்க்காட்டு உருதுக் குடும்பத்தின் 'ரம்ஜான்', 'நமாஸ்' என்னும் சொற்களும் சராயேவோ நகரத்தின் சொற்களும் ஒரே ஊற்றிலிருந்து இரு திசைகளில் பாய்ந்த நீர் எனலாம். பாரசீகத்தில் ளாத் ஸகரச் சாயல் பெற்றது. அந்த ஒலி தமிழில் இல்லாமையால் ஜகரமாக அமைந்தது. இதிலும் ஒழுங்கே உள்ளது, சிதைவு இல்லை.

போஸ்னியா மற்றொரு படிப்பினையையும் தருகிறது. காப்பியைக் குறிக்கும் சொல் போஸ்னியருக்குக் 'கஹ்வா', செர்பியருக்குக் 'கஃபா', குரோஷியருக்குக் 'காவா'. யூகோஸ்லாவியா 1991 முதல் சிதறத் தொடங்கியபின், ஒருவரையொருவர் எளிதில் புரிந்துகொள்ளும் பேச்சே மூன்று பெயர்களில் மூன்று மொழிகளாக அறிவிக்கப்பட்டது. அயலானிடம் வேற்றுமை காட்ட விரும்பும் மனம் ஒரு ஹகரத்தையும் கொடியாக உயர்த்திப் பிடிக்கும். வேறுபாடு இருப்பது இயற்கை. அதனைக் கொடியாக்குவது மனிதர் செயல்.

நம் சாலைகளும் நம் சொற்களும்

இப்பின்னணியில் தமிழகத்தைக் காண்போம். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய துறைமுக ஊர்கள் தென் அரேபியக் கடல்வணிகத்துடன் தொடர்புடையவை. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவை. அவ்வழி வந்த அரபு, பக்கவாட்டு ளாதின் சாயலைக் கொண்டு வந்தது எனக் கருத இடமுண்டு. வந்த இடத்தில் ளகரமும் ழகரமும் முன்பே குடியிருந்தன. விருந்தாளியின் ஒலிக்கு வீட்டிலேயே இருக்கை கிடைத்தது. அரபுத்தமிழ் எழுத்தை அமைத்த முன்னோர், தமிழின் லகர இன ஒலியைக் காட்ட ளாத் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தனர். அந்த ஒரு புள்ளியில் அவர்களுடைய செவியின் நுட்பம் முழுவதும் அடங்கியுள்ளது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) சட்ட நூல் எழுதிய எழுத்து அதுவே. மலாய் மொழியிலும் லுஹர் தொழுகை 'லொஹோர்' ஆகவும், பர்ளு 'பெர்லு' ஆகவும் வழங்குவது, இவ்வொலி மரபு கீழைக் கடல் முழுவதும் பரவியிருந்தமைக்குச் சான்று.

வடதமிழகத்தின் வரலாறு வேறு. இங்கு இஸ்லாமியச் சொற்கள் பெரும்பாலும் தரைவழியே, பாரசீகமும் உருதும் பேசிய அரசவைகளின் ஊடாக வந்தன. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா (1717–1795) அவ்வவைப் பண்பாட்டின் பேருருவம். 'வாலாஜா' என்னும் பட்டமே பாரசீகம். அவர் பெயரால் அமைந்த வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில்தான் படப்பை இருக்கிறது என்பதை நம் அட்டவணைத் தகராறில் ஒருவரும் நினைக்கவில்லை. உருதுக் குடும்பத்துப் பெரியவர் 'ரம்ஜான்' என்றபோது இச்சாலையின் வரலாற்றைப் பேசினார். கடற்கரைக்காரர் 'ரமலான்' என்றபோது கடலின் வரலாற்றைப் பேசினார். 'ரமதான்' என்ற இளைஞரோ 1970களுக்குப் பின் பெருகிய வளைகுடாப் பயணத்தின் வரலாற்றைப் பேசினார். அவர் கொண்டுவந்ததும் ஒரு காலத்தின் ஒலியே. காலங்கடந்த மூல ஒலி அன்று.

மாற்றம் இன்றும் நின்றபாடில்லை. தமிழில் 'பாய்' என்றால் முஸ்லிம் ஆடவர் என்றே பொருள் நிலைத்துவிட்டது. ஆலைப் பணிக்கு வந்த பீகார் இளைஞருக்கோ அது 'அண்ணன்' என்ற பொதுச்சொல். படப்பைத் தேநீர்க் கடை ஒன்றில் அவ்விளைஞர் கடைக்காரரைப் 'பாய்' என்று விளிக்க, நெற்றியில் திருநீறு அணிந்த அக்கடைக்காரர், "நான் பாய் இல்லைப்பா" என்று சிரித்துக்கொண்டே தேநீரை நீட்டியதை நான் கண்டதுண்டு. சில மாதங்களுக்குப் பின் அவர் மறுப்பதை விட்டுவிட்டார். ஒரு சொல்லின் பொருள் இவ்வாறுதான் விரிகிறது. ஆணை பிறப்பிப்பார் எவருமின்றி, தினமும் ஒருவரோடொருவர் பழகும் தேவையால் விரிகிறது.

எதைத் திருத்துவது, எதை விடுவது?

இவ்வளவு கூறியதால் எல்லா ஒலிப்பும் எல்லாவிடத்தும் சரியே என்று நான் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. குர்ஆன் ஓதுதல் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கு இறங்கும் தனி மரபு. அங்கு முயன்று கற்பதும் திருத்திக் கொள்வதும் கடமை. நானும் அதனைக் கற்பித்தே வாழ்கிறேன். ஆனால் ஓதலின் அளவுகோலைப் பேச்சின் மீது சுமத்துவதும், கற்க வாய்ப்பில்லாத முதியவரின் நாவை இளைஞர் தம் புதிய அறிவால் அளந்து இழிவு செய்வதும் வேறு செயல்கள். முன்னது கல்வி. பின்னது கல்வியின் பெயரால் நிகழும் செருக்கு.

என்னையும் இக்குற்றத்திலிருந்து நான் விடுவித்துக்கொள்ள முடியாது. பல்லாண்டுகளாக மாணவர் கட்டுரைகளில் 'ஒளு' என்று வருமிடமெல்லாம் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி வந்தேன். ஒருமுறை கடற்கரை ஊர் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹழ்ரத், எங்கள் உம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் ஐம்பது ஆண்டு செய்தது என்ன?" நான் விடை சொல்லவில்லை. அவர் என்னை அழைத்த 'ஹழ்ரத்' என்ற சொல்லிலும் அதே ளாத் அதே ழகரமாக ஒலித்ததையும், அதனை மரியாதையாக ஏற்றுக்கொண்ட நான் 'ஒளு'வை மட்டும் அடித்ததையும் அன்றிரவுதான் எண்ணிப் பார்த்தேன். அதன்பின் அச்சொல்லை நான் அடிப்பதில்லை.

ஆகவே நம் அரபுக் கல்லூரிகளுக்கு ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். எழுத்தின் பிறப்பிடத்தைக் கற்பிக்கும் தஜ்வீத் பாடத்துடன், அவ்வெழுத்து நம் ஊர்களில் பெற்ற வடிவங்களின் வரலாற்றையும் சில பாடவேளைகளில் கற்பிக்க வேண்டும். மாணவர் விடுமுறையில் ஊர் செல்லும்போது பாட்டிமார் வழங்கும் சொற்களைக் குறித்துவரச் செய்ய வேண்டும். காரணம் அறிந்தவன் எளிதில் பழிக்கமாட்டான். அச்சொற்களை அறிந்த தலைமுறை மறைந்து வருகிறது. அவர்களைத் திருத்துவதற்கு நாம் காட்டிய ஆர்வத்தில் பாதியையேனும் அவர்களிடம் கேட்டறிவதற்குக் காட்டினோமில்லை.

அட்டவணைத் தகராறு எப்படி முடிந்தது என்று வாசகர் கேட்கக்கூடும். மூன்று வடிவங்களையும் விட்டுவிட்டு, 'நோன்பு கால அட்டவணை' என்று அச்சிட்டனர். மூன்று தரப்பினரும் மறுப்பின்றி ஏற்றனர். சமணரும் வைணவரும் சைவரும் வழங்கிய அச்சொல்லை நம் முன்னோர் தயக்கமின்றி எடுத்து நம் வணக்கத்துக்குப் பெயராக்கினர். மால்டாவின் கிறித்தவர் 'ரண்டான்' என்பதைத் தம் தவக்காலத்துக்கு வைத்துக்கொண்டதைப் போல. அச்சிடுவதில் கிடைத்த இந்த இணக்கம் தொழுகை வரிசையில் கிடைக்கவில்லை. மோதினார் இன்றும் பாங்கு சொல்கிறார். இமாம் இல்லாத நாளில் முன்னே வருமாறு அழைத்தால் தலையசைத்துப் பின்வரிசைக்குச் சென்றுவிடுகிறார். அவரை மீண்டும் முன்னே அழைத்துவரும் பொறுப்பு, கற்றவர் என்று பெயர் படைத்த நம்முடையது.

வல்லாஹு அஃலம்.